ஏ.டி.வி.யில் ரப்பர் உறை கிழிந்தால் ஆக்சிலையே மாற்ற வேண்டுமா?

அடுத்த முறை ஏ.டி.வி.யைக் கழுவும்போது, குழாயைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். ரிம்மின் உள்சுவரிலும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையிலும் கறுப்புக் கிரீஸ் கோடு போட்டாற்போல் தெறித்திருக்கிறதா? அப்படியானால் கழுவுவதை நிறுத்திவிடுங்கள். ஆக்சில் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்துவிட்டது. அந்த நேரத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால், வெளியே ஒட்டியிருக்கும் சேற்றை நாமே உள்ளே அனுப்பி வைப்பதாகிவிடும்.

பட்டறையில் இதை ‘பூட்’ என்பார்கள். எழுத்தில் பார்த்தால் கதவுப் பூட்டு ஞாபகம் வருவதால் இங்கே ரப்பர் உறை என்றே சொல்கிறேன். கை விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக, ஒரு முனை பெருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும். விலை சில பத்து வெள்ளிதான். ஆனால் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனால் பல இடங்களில் வரும் பதில் இது: “பாஸ், உறை மட்டும் மாத்தி பிரயோசனமில்ல. ஆக்சில் செட்டோட மாத்திடலாம்.” அது நூற்றுக்கணக்கில் போகும். அசல் பாகம்தான் வேண்டும் என்றால் ஆயிரத்தையும் தாண்டலாம்.

கம்பத்தில் அப்பாவுக்கு ஐந்தோ பத்தோ ஏக்கர் செம்பனை இருக்கிறது, பிள்ளைகள் கோலாலம்பூரிலோ ஜொகூர் பாருவிலோ வேலை செய்கிறார்கள், தோட்டத்தைச் சுற்றிவர ஒரு பழைய ஏ.டி.வி. இருக்கிறது. இப்படிப்பட்ட குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். பட்டறைக்காரர் ஏமாற்றுகிறாரா, உண்மையைத்தான் சொல்கிறாரா? இரண்டில் எதுவும் இருக்கலாம். உறை கிழிந்து எவ்வளவு நாளாயிற்று, அந்த ஓட்டை வழியாக உள்ளே என்ன போயிற்று என்ற இரண்டையும் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். அதைப் பார்க்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

உறைக்குள் என்ன இருக்கிறது?

முன் சக்கரத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. இன்ஜினிடமிருந்து வரும் விசையில் சுழல வேண்டும். ஸ்டியரிங் சொல்லும் பக்கம் திரும்ப வேண்டும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும். நேரான இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கரத்தில் மாட்டினால் இது நடக்காது. தண்டின் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு வேண்டும். நம் தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் இருப்பது போல.

லோரியின் அடியில் நீளமான தண்டு ஓடுகிறதே, அதன் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டை இங்கேயும் வைக்கலாமே என்று தோன்றும். அந்த மூட்டை அதிகம் மடக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கை உதறும். இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர் ஃபோர்ட் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த ஆல்பிரட் ரெப்பா. 1920களில் அவர் வடிவமைத்த மூட்டில் ஒரு கிண்ணம், அதற்குள் நட்சத்திர வடிவில் ஓர் இரும்பு, இரண்டுக்கும் நடுவே காடிகளில் ஓடும் ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகளைப் பிடித்துவைக்க ஒரு கூடு. எந்தக் கோணத்தில் மடங்கினாலும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலும். சி.வி. ஜாயின்ட் என்று இன்று சொல்வது இதைத்தான். 1959-இல் வந்த மினி காரின் முன் சக்கரங்களில் இந்த வகை மூட்டு பொருத்தப்பட்டது. முன் சக்கரம் இழுக்கும் கார்கள் உலகெங்கும் பரவ அது வழிவிட்டது.

அந்த ஆறு குண்டுகளும் எஃகோடு எஃகு உரசித்தான் வேலை செய்கின்றன. நடுவே இருப்பது கிரீஸ் மட்டுமே. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்புக் கிரீஸ் அது. மூட்டு ஓடும் காலம் முழுவதும் அதே கிரீஸ்தான். பல கார்களிலும் ஏ.டி.வி.களிலும் வெளியிலிருந்து அடித்து நிரப்ப வழி கிடையாது. கிரீஸை உள்ளேயும் மண்ணை வெளியேயும் நிறுத்திவைப்பது அந்த ஒரு ரப்பர் உறை. அதனால்தான் சில பத்து வெள்ளிச் சாமான், பல நூறு வெள்ளிச் சாமானின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உங்கள் வண்டியில் இந்த உறை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஏ.டி.வி.யிலும் இருக்காது. 1970-இல் ஹோண்டா மூன்று சக்கரத்தோடு வெளியிட்ட யு.எஸ்.90 இந்த வகை வண்டிகளின் முன்னோடி. அதில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில். முன் சக்கரமும் இழுக்கும் ஃபோர்டிராக்ஸ் டி.ஆர்.எக்ஸ்.350 என்ற நான்கு சக்கர வண்டியை ஹோண்டா 1986-இல் கொண்டு வந்தது. இன்றும் சங்கிலியால் பின் தண்டை மட்டும் சுழற்றும் சிறிய ஏ.டி.வி.கள் உண்டு. சுற்றுலா இடங்களில் வாடகைக்கு ஓடுபவற்றில் இந்த ரகம் நிறைய. அவற்றில் கிழிவதற்கு இந்த உறையே கிடையாது. நான்கு சக்கரமும் இழுத்து, பின் சக்கரங்கள் ஒரே தண்டில் இருந்தால் முன்பக்கம் மட்டும் நான்கு உறைகள். நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வகை என்றால் நான்கு ஆக்சில், எட்டு உறைகள். எட்டில் ஏதாவது ஒன்று கிழிவது அதிசயமே இல்லை.

நம் மண்ணில் எப்படிக் கிழிகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும். அதாவது கிலோமீட்டருக்கு 500 சுற்று. தோட்டத்தை 10 கிலோமீட்டர் சுற்றி வந்தால் 5,000 சுற்று. மூட்டு மடங்கியிருக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் உறையின் ஒவ்வொரு மடிப்பும் ஒரு முறை விரிந்து சுருங்குகிறது. வெயிலில் நின்று நின்று ரப்பர் காய்ந்து போயிருந்தால், மடிப்பின் பள்ளத்தில் மயிரிழை போல வெடிப்பு விழும். ஒன்றுமே படாமல்கூட ஒரு நாள் அது பிளந்துகொள்ளும். வயதால் வருவது இது.

செம்பனைக்குள் ஓடும் வண்டிகளுக்கு வயதாவதற்கு முன்பே சாவு வந்துவிடுகிறது. முதல் எதிரி மட்டை. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இரு ஓரமும் முள். காய்ந்த பிறகு அது ஆணி மாதிரி. டயர் அதன் ஒரு முனையில் ஏறினால் மறுமுனை தூக்கிக்கொண்டு நேரே ஆக்சிலுக்குப் போகும். மட்டைகளை அடுக்கியிருக்கும் வரிசைக்குள் வண்டியை விடாமல், குலை தூக்கும் பாதையிலேயே ஓட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது எதிரியைப் பலர் கவனிப்பதில்லை: ராஃபியா கயிறு. உர மூட்டை கட்டியது, செடி கட்டியது என்று தோட்டத்தில் எங்கும் கிடக்கும். ஆக்சில் சுழலும்போது அதைச் சுருட்டி எடுத்துக்கொள்ளும். சுருண்ட கயிறு மெதுவாக நகர்ந்து உறையின் சிறிய வாய்ப்பக்கம் போய் இறுகி, கத்தி போல வெட்டும். வாரத்துக்கு ஒருமுறை ஆக்சிலில் சுற்றியிருக்கும் புல்லையும் கயிற்றையும் கையால் பிரித்து எடுப்பது இரண்டு நிமிட வேலை. இன்ஜினை அணைத்துச் சாவியையும் எடுத்த பிறகு கை வையுங்கள்.

உரமும் ஒரு காரணம். பொட்டாஷ் உரத்தில் இருப்பது குளோரைடு உப்பு. உர மூட்டையை வண்டியில் ஏற்றிப் பரப்புபவர்களின் வண்டியில், ரப்பர் நன்றாக இருக்கும்போதே அதைக் கட்டியிருக்கும் இரும்புக் கிளாம்ப் துருவேறி அறுந்துவிடும். கிளாம்ப் போனால் உறை நழுவும். கிழியாவிட்டாலும் சேறு உள்ளே போகும். வேறு சிலர் பெரிய டயர் போட்டு, தூக்கி நிறுத்தும் சட்டங்களை மாட்டி, வண்டியை உயர்த்துகிறார்கள். பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் நேர்ப்பாதையிலும் மூட்டு மடங்கியபடியே ஓடுவதால் உறையின் ஆயுள் குறைகிறது. தோட்ட வேலைக்கு வாங்கிய வண்டிக்கு அந்த அலங்காரம் தேவையில்லை என்பது என் கருத்து.

கிழிந்த பிறகு எவ்வளவு நாள் தாங்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. சிவப்புக் களிமண் கொஞ்சம் கருணை காட்டும். கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயலம்பங்கள் விட்டுப்போன வெள்ளை மணல் இருக்கிறதே, அது காட்டாது. குவார்ட்ஸ் நிறைந்த அந்த மணல் கிரீஸோடு கலந்தால், வால்வு அரைப்பதற்கு மெக்கானிக் பூசுகிற பசை போலவே ஆகிவிடும். குண்டுகளையும் காடிகளையும் அது அரைத்துத் தள்ளும்.

விரலும் காதும் போதும்

இப்போது பட்டறைக்காரரின் பேச்சுக்கு வருவோம். கிழிசலைக் கண்டதும் அதற்குள்ளிருந்து கொஞ்சம் கிரீஸை விரலில் எடுத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேயுங்கள். கறுப்பாக, வழவழவென்று இருந்தால் நல்ல காலம். கிழிந்து அதிக நாளாகவில்லை. உறையை மட்டும் மாற்றினால் போதும். நறநறவென்று மணல் தட்டுப்பட்டால், மூட்டைக் கழற்றிக் கழுவி, குண்டுகளைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. துரு நிறமாக இருந்தால் நம்பிக்கை குறைவு.

அடுத்தது காது. தட்டையான இடத்தில், மெதுவாக, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து வட்டமடியுங்கள். பிறகு மறுபக்கம். ‘டிக் டிக் டிக்’ என்று சக்கரச் சுழற்சிக்கு ஏற்றபடி சத்தம் வந்தால், சக்கரப் பக்கத்து மூட்டில் குண்டு ஓடும் காடி பள்ளம் விழுந்துவிட்டது. முன் சக்கரங்களுக்கும் விசை போக வேண்டும் என்பதால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு, மண் தரையில் இதைச் செய்யுங்கள். இன்ஜின் பக்கத்து மூட்டு கெட்டிருந்தால், விசையைக் கூட்டும்போது வண்டி நடுங்குவதாகத் தெரியும்.

சத்தம் வந்துவிட்ட மூட்டுக்குப் புது உறை போடுவது வீண் செலவு. அந்த நேரத்தில் “செட்டோட மாத்திடலாம்” என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். சத்தமே இல்லை, கிரீஸ் வழவழப்பாக இருக்கிறது, அப்போதும் அதையே சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அவர் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆக்சிலைக் கழற்றி மாட்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றேதான். உறை மட்டும் மாற்றினால் அதற்கு மேல் மூட்டைப் பிரித்து, கையெல்லாம் கிரீஸாகி, கழுவித் துடைத்துப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மாதத்தில் சத்தம் வந்தால் திட்டு அவருக்குத்தான். புது ஆக்சில் மாட்டினால் அந்தத் தலைவலி இல்லை. ஆனால் ஒன்று: மலிவான மாற்று ஆக்சில்களின் எஃகும், அவற்றோடு வரும் ரப்பரும் எல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை. உள்ளே இருக்கும் அசல் மூட்டு நன்றாக இருந்தால், அதற்குத் தரமான புது உறை போட்டு ஓட்டுவதையே நான் விரும்புவேன். பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு மலிவு ஆக்சில் மாட்டச் சம்மதித்தாலும், கழற்றிய அசல் ஆக்சிலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே மாற்றுவதென்றால்

சாக்கெட் செட்டும், ஒரு நண்பரும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இருந்தால் முடியும். முதலில் உங்கள் வண்டிக்குரிய பராமரிப்புக் கையேட்டைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். நட்டை எவ்வளவு இறுக்குவது, எத்தனை கிராம் கிரீஸ் என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். உறையை வாங்கும்போது மூட்டின் வெளிப்பக்கத்துக்கா உள்பக்கத்துக்கா என்று சொல்லி வாங்குங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. உறை, இரண்டு கிளாம்ப், கிரீஸ் பை, புது வளையக் கிளிப் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்குவது நல்லது. பேரிங்கிற்குப் போடும் சாதாரணக் கிரீஸ் இங்கே உதவாது.

வண்டியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். மண் தரையில் ஜாக் புதையும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். ஸ்டாண்டு போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சில் முனை நட்டைத் தளர்த்திவிடுவது புத்திசாலித்தனம். பெரும்பாலும் அதில் ஒரு காட்டர் பின் குத்தியிருக்கும். அதை நிமிர்த்தி உருவி எறிந்துவிடுங்கள். திரும்பப் போடும்போது புதியதுதான் போட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் காலிப்பரை அவிழ்த்து, ஒரு கம்பியால் மேலே கட்டித் தொங்க விடுங்கள். ஹோசில் தொங்கக் கூடாது. மேல் கையின் பால் ஜாயின்ட்டை விடுவித்தால் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். ஆக்சிலின் சக்கரப் பக்கத்து முனை அதிலிருந்து வெளியே வந்துவிடும்.

இனி உள்முனை. பெரும்பாலான ஏ.டி.வி.களில் அதை டிஃபரன்ஷியலுக்குள் ஒரு சிறிய வளையக் கிளிப் மட்டும்தான் பிடித்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் வரும். ஆனால் ஆக்சிலின் நடுத்தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள் மூட்டு நீண்டு குறுகும் வகை என்பதால், தண்டு மட்டும் மூட்டிலிருந்து பிரிந்து, நன்றாக இருந்த உள் உறையும் கிழியும். உள் மூட்டின் கிண்ணத்தையே இரண்டு கையாலும் பிடித்து, நேராக இழுங்கள். வரவில்லை என்றால் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பலாம். எண்ணெய் சீலில் நெம்புகோல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஃபரன்ஷியல் எண்ணெய் கொஞ்சம் ஒழுகும். அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

ஆக்சில் கையில் வந்தபின் பழைய கிளாம்ப்புகளை வெட்டி, பழைய உறையைக் கத்தியால் கீறி எடுத்துவிடலாம். வைஸில் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் மரத்துண்டு வையுங்கள். சில வண்டிகளில் வெளி மூட்டின் நட்சத்திர இரும்பை, பித்தளைத் துண்டு வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தால் கழன்று வரும். வேறு சிலவற்றில் வெளி மூட்டு கழலவே கழலாது. அப்படிப்பட்டதை அடித்து அடித்துக் கெடுத்துவிடாதீர்கள். உள் மூட்டைப் பிரித்து, வெளி உறையை அந்தப் பக்கமிருந்து தண்டு வழியாகக் கோத்துக் கொண்டுவர வேண்டும். அதற்கு உள் உறையும் கழன்றாக வேண்டும் என்பதால் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுவதுதான் கணக்கு. உள் மூட்டைப் பிரிக்கும்போது எது எதோடு பொருந்தியிருந்தது என்று பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் வாய் ஓரத்தில் ஒரு கம்பி வளையம் இருந்தால், முதலில் அதை ஸ்குரூ டிரைவரால் எடுத்த பிறகுதான் தண்டு வெளியே வரும்.

கழுவுவதில் அவசரம் வேண்டாம். மண்ணெண்ணெயில் மூழ்க வைத்து, மூட்டை எல்லாப் பக்கமும் மடக்கி மடக்கி, பழைய கிரீஸ் துளிகூட இல்லாமல் எடுக்க வேண்டும். பெட்ரோல் வேண்டாம், ஒரு தீப்பொறி போதும். நன்றாகக் காய விடுங்கள். மண்ணெண்ணெய் தங்கினால் புதுக் கிரீஸ் இளகிப் போகும். காய்ந்ததும் வெளிச்சத்தில் பாருங்கள். குண்டுகள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் சரி. மங்கலாக இருந்தால் பரவாயில்லை. அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தாலோ, காடியில் விரல் நகம் தட்டினாலோ, குண்டைப் பிடிக்கும் கூட்டில் வெடிப்பு இருந்தாலோ, அந்த மூட்டு முடிந்துவிட்டது. புதுக் கிரீஸ் அதைக் காப்பாற்றாது.

நன்றாக இருந்தால், சிறிய கிளாம்ப்பையும் புது உறையையும் முதலில் தண்டில் கோத்துவிடுங்கள். தண்டின் பல் வெட்டுகள் புது ரப்பரைக் கீறாமல் இருக்க அவற்றின் மேல் டேப் சுற்றிக்கொள்ளலாம். பிறகு புது வளையக் கிளிப், மூட்டு. ‘டக்’ என்று கிளிப் உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். கையேட்டில் சொன்ன கிரீஸில் பெரும்பகுதியைக் குண்டுகளுக்கிடையே அழுத்தி நிரப்பி, மீதியை உறைக்குள் விடுங்கள். அதிகம் போட்டால் நல்லது என்று நினைத்துத் திணித்தால் உறை ஊதிக்கொண்டு கிளாம்ப்பைத் தள்ளும்.

பலர் தவறவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது. உறையின் இரண்டு வாயும் அதற்குரிய பள்ளத்தில் உட்கார்ந்ததும், ஆக்சிலை வண்டியில் இருக்கும் அளவு நீளத்துக்கு வைத்து, பெரிய வாயின் ஓரத்தில் மொட்டையான ஒரு ஸ்குரூ டிரைவரை நுழைத்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். காற்று அதிகம் இருந்தால் ஓடும்போது உறை உப்பும். குறைவாக இருந்தால் மடிப்புகள் உள்வாங்கித் தண்டில் உரசும். அதன் பிறகே கிளாம்ப். காது போல மடிப்புள்ள கிளாம்ப்பை அதற்குரிய இடுக்கியால் நெரிக்க வேண்டும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டை இங்கே நிற்காது. சாதாரண இடுக்கியால் அரைகுறையாக நெரித்தது, முதல் சேற்றிலேயே கழன்றுவிடும்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். உள்முனையின் கிளிப் உட்கார்ந்ததா என்று இழுத்துப் பார்ப்பது, நட்டை டார்க் ரெஞ்சால் அளவாக இறுக்குவது, புதுக் காட்டர் பின் குத்துவது, ஒழுகிய டிஃபரன்ஷியல் எண்ணெயை நிரப்புவது ஆகியவற்றை மறக்காதீர்கள். பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

தோட்டத்தின் நடுவில் கிழிந்தால்

வீட்டிலிருந்து தூரத்தில் இருக்கும்போது கிழிசலைக் கண்டால், பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, உறையைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, இரண்டு முனையிலும் கட்டிவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். டேப் ஒட்டாது, கிரீஸ் இருக்கிறதே. இது வீடு வரைக்கும் மட்டும். ஆக்சிலைக் கழற்றாமல் சுற்றிப் பூட்டி, ஓரத்தைப் பசையால் ஒட்டும் பிளவு உறைகளும் விற்கிறார்கள். நகரத்துச் சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அது கொஞ்ச காலம் தாங்கலாம். சேற்றில் முழுகி எழும் ஏ.டி.வி.க்கு வேண்டாம். பசை ஒட்டிய கோடுதான் முதலில் திறக்கும்.

உறை கிழிந்த வண்டியை அப்பா “ஓடுதே, பரவால்ல” என்று ஓட்டிக்கொண்டிருந்தால், செலவைவிட முக்கியமான ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். தேய்ந்த மூட்டு உடைவது பெரும்பாலும் விசை அதிகமாக ஏறும் நேரத்தில்தான். அதாவது குலை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது. அங்கே முன் சக்கரத்தின் இழுவை திடீரென்று போனால், வயதானவர் தனியாக, செங்குத்தான பாதையில், பாரத்தோடு நிற்க வேண்டியிருக்கும். பல இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பும் கிடைக்காது.

ஏ.டி.வி. இல்லாதவர்களும் இதைப் படித்திருப்பீர்கள். வீட்டு வாசலில் நிற்பது மைவியோ ஆக்ஸியாவோ, முன் சக்கரம் இழுக்கும் எந்தக் காராக இருந்தாலும், அதிலும் இதே மூட்டு, இதே உறை, நான்கு இருக்கின்றன. ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்து, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, கைப்பேசி விளக்கை அடித்துச் சக்கரத்தின் பின்னால் பாருங்கள். மடிப்புகளின் பள்ளத்தில் வெடிப்பு இருக்கிறதா, ஈரமாக மினுங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபக்கமும் ஒடித்துப் பாருங்கள். அடுத்த முறை எண்ணெய் மாற்றக் காரை மேலே தூக்கும்போது, உள்பக்கத்து இரண்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.